குதிரை மேல் நிற்பது யார்?

கோயமுத்தூர்க்காரர்களுக்கு சர்க்கஸ் என்றாலே வ.உ.சி. மைதானம்தான். கூடாரம் போட்டுவிட்டால் பொள்ளாச்சி, திருப்பூர் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனால் பழைய சர்க்கஸ் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கும். ஓடும் குதிரையின் முதுகில் நிற்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது!

இத்தனைக்கும் சர்க்கஸ் பிறந்ததே குதிரையால்தான். 1768ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் வட்டமான ரிங்கில் சவாரி வித்தை காட்டினார். வட்டத்தில் ஓடும் குதிரை மேல் நிற்பது சுலபம் என்பதே காரணம். இன்றும் ரிங்கின் அகலம் சுமார் 42 அடி. இந்தியாவிலும் 1880ல் முதல் சர்க்கஸ் கம்பெனியைத் தொடங்கிய விஷ்ணுபந்த் சத்ரே குதிரை பழக்குவதில் கெட்டிக்காரர். பின்னர் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901ல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். மலபாரிலிருந்து கிழக்கே வர ரயிலில் நேர்வழி பாலக்காட்டுக் கணவாய்தான். தாண்டியதும் நம்ம போத்தனூர்.

சரி, படத்தில் இருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வித்தையைப் பார்க்க வேண்டும். அகலமான முதுகுள்ள குதிரை, சேணம் இல்லை, மென்மையான காலணி என்றால் அது நின்று சவாரி செய்யும் வித்தை. கால் வழுக்காமலிருக்க குதிரை முதுகில் பிசின் பொடி தூவுவார்கள். தரை வரை தொங்கும் கவுன், உயரமான தொப்பி, கையில் சாட்டை என்றால் குதிரையை நடனம்போல் நடக்க வைக்கும் வித்தை. வித்தை தெரிந்துவிட்டால் கம்பெனியின் பழைய நோட்டீஸில் அந்த வித்தைக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று தேடலாம்.

அடுத்தது உடையும் கூடாரமும். 1948ல் வந்த ஜெமினியின் 'சந்திரலேகா'வில் கமலா சர்க்கஸ், பரசுராம் சர்க்கஸ் கலைஞர்களைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்துப் படம் என்று சந்தேகப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி ஏது?

பெயர் கிடைத்துவிட்டாலும் அவசரப்படக் கூடாது. 1891ல் பாரிஸ் நாடார் ஸ்டூடியோவில் (நம்மூர் நாடார் அல்ல!) ஒரு கறுப்பினக் குதிரை வீராங்கனையைப் படமெடுத்தார்கள். பெயர் செலிக்கா லசெவ்ஸ்கி என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் செலிக்கா என்பது 1865ல் அதே பாரிஸில் அரங்கேறிய ஒரு இசை நாடகத்தின் கதாநாயகி பெயர். மேடைக்காக வைத்த பெயராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். நம் பக்கத்திலும் அப்படித்தான். 1930களில் அமெரிக்காவில் கயிற்றின் மேல் துள்ளி அசத்திய 'கண்ணன் பம்பாயோ' பம்பாய்க்காரர் அல்ல, தலச்சேரிக்காரர்!

கம்பெனி முதலாளிகளின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியதோ குதிரை மேல் நின்றவருக்கு. அந்தப் பெயர் இப்போது வயதானவர்களின் நினைவில்தான் மிச்சம். வீட்டு ஆல்பத்தில் சர்க்கஸ் படம் இருந்தால் தாத்தா பாட்டியிடம் இன்றே கேளுங்கள். சொல்லும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.