யுத்தமும் பீதியும் மருந்தும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

மருந்தின் வரலாற்றை இரசாயனவியலின் வரலாறாக மாத்திரம் நோக்கும் மரபு இன்னும் வலுவுடனேயே உள்ளது. யுத்தத்தினால் மனவடுவுற்றோரின் பீதித் தாக்கங்களைத் தற்காலிகமாகத் தணித்த மருந்துகளை இவ்வாறு நோக்கின், அவை எவருக்கு, எந்நோக்குடன் வழங்கப்பட்டன என்னும் வினா மறைந்துபோகின்றது. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

1915 இல் சார்ள்ஸ் மயேர்ஸ் என்னும் உளவியலாளர் 'லான்செற்' சஞ்சிகையில் 'ஷெல் அதிர்ச்சி' என்னும் தொடரைப் பயன்படுத்தினார். நோய் ஒன்றாயினும் அதன் பெயர் பெரும்பாலும் வர்க்கத்துக்கேற்ப வேறுபட்டது: அதிகாரிகளுக்கு நரம்புத் தளர்ச்சி, சிப்பாய்களுக்கு ஹிஸ்டீரியா. சிகிச்சையும் அவ்வாறே. எடின்பரோவின் கிறெய்க்லொக்காட் வைத்தியசாலையில் றிவேர்ஸ் அதிகாரிகளுடன் உரையாடினார். லண்டனிலோ, பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் யீலாண்ட் மின்சாரம் பாய்ச்சினார். சசூன், ஓவென் ஆகியோர் வாயிலாக இலக்கிய மாணவர் முன்னதை நன்கறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே. யுத்தக் கவிதையின் வரலாறு அதிகாரிகளின் வைத்தியசாலையிலிருந்து எழுதப்பட்டமை தற்செயலன்று. தப்பியோடல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது 2006 இலேயே.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் மருந்து முன்னிலைக்கு வந்தது. 1940 இல் டன்கேர்க்கிலிருந்து மீண்ட படையினருக்கு வில்லியம் சார்ஜன்ற் சோடியம் அமிற்றல் ஏற்றினார். நடுக்கம் அடங்கியது; மறந்தனவற்றைச் சிலர் நினைவுகூர்ந்து பேசினர். வட ஆபிரிக்காவில் கிறிங்கர், ஸ்பீகல் ஆகிய அமெரிக்க வைத்தியர்கள் பென்ரதோலை இவ்வாறே கையாண்டனர். மின்சாரத்துடன் ஒப்பிடுகையில் இது மனிதாபிமான முன்னேற்றமே. இதனை மறுப்பது வரட்டுவாதமாகும். ஆயின் படைவைத்தியத்தின் வெற்றியை அளந்த கோல், எத்தனை பேர் மீண்டும் கடமைக்கு அனுப்பப்பட்டனர் என்பதே. தொழிற்சாலைக்கு உழைப்புச் சக்தி மீளுருவாக்கப்படுவதுபோலப் போர்முனைக்கும் ஆள் மீளுருவாக்கப்பட்டான்.

1960 இல் லிப்றியமும் 1963 இல் வேலியமும் சந்தைக்கு வந்தன. மூளையின் காபா என்னும் தணிப்புப் பொறிமுறையை வலுப்படுத்தும் இவை, பார்பிற்றுரேற்றுக்களிலும் ஆபத்துக் குறைந்தவை. பீதியை விரைவில் அடக்குபவை. நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தின் பதற்றம் முன்னிலும் கடுமையாக மீளலாம்; வலிப்பும் ஏற்படலாம். விற்பனை பெருகிய காலத்தில் இவ்வுண்மை போதிய அழுத்தம் பெறவில்லை.

1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோயை அங்கீகரித்தது. வியட்நாமிலிருந்து மீண்ட படையினரின் கிளர்ச்சி இன்றி இது நிகழ்ந்திராது. ஆய்வுகூடம் மாத்திரமன்று, அரசியலும் நோய்க்குப் பெயரிட்டது.

மனவடுவுக்குப் பின்னான முதல் மாதத்தில் நெருக்கீட்டு அறிகுறிகளுக்கு வேலியம் வகை மருந்துகளை வழங்கலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வழிகாட்டியது. ஆயினும் மூச்சுத் திணறி, இக்கணமே இறப்போமென அஞ்சுபவனுக்கு அரைமணி நேர ஆறுதல் அற்பமன்று. வைத்தியர் கண்காணிப்பில், சில நாட்களுக்கு மட்டும் அதனை வழங்குவோரை நாம் குறைகூறோம். எமது ஐயம் வேறு. உரையாடற் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்றோரும் பல மணிநேரமும் வேண்டும்; மாத்திரைக்கு ஒரு மருந்துத் துண்டு போதும். கிறெய்க்லொக்காட்டில் அதிகாரிகளுக்குக் கிட்டிய நேரம், வறிய நாடுகளின் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவளுக்கு இன்றும் கிட்டுவதில்லை.