குளத்து மீனுக்குச் சேற்று வாடை ஏன்?

சந்தையில் உயிரோடு துள்ளும் திலாப்பியாவைக் கண்டாலும் நம் தாய்மார்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். "சேத்து மீன்" என்பர். கடல் மீன் விலை ஏறிய வேளையிலும் இந்தப் பெயர் மாறவில்லை.

ஆப்பிரிக்க மீனாகிய இது, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியின்போது ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கால் வயிற்றை நிரப்பிய அந்நாளில், எந்தக் குட்டையிலும் பிழைக்கும் மீன் பெரிய துணைதான். ஆனால் உள்ளங்கை அளவு வளர்வதற்குள் குஞ்சு பொரித்துக் குட்டையை நிரப்பிவிடும். மலாக்கா பத்து பெரண்டாமில் 1957இல் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்லிங் என்பவர், இருவகைத் திலாப்பியாவைக் கலந்து ஆண் குஞ்சுகளையே பிறக்கச் செய்தார். மீன் பெருத்தது, வாடை போகவில்லை.

வாடைக்குக் காரணம் சேறே அன்று. நீலப்பச்சைப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள். 1965இல் அதைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் எனப் பெயரிட்டனர். மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் அதுவே! மீனின் செவுள் வழியே உடலில் சேரும் இது, சுத்தமான நீரில் சில நாள் விட்டுவைத்தால் மெல்ல வெளியேறும். புளிப்பும் அதைச் சிதைக்கும். நம் பாட்டிமார் புளி கரைத்து மீன் கழுவியது வெறும் பழக்கமன்று.

அந்தச் சில நாளும் தீனி போடலாகாது. குடல் நிறைந்த மீன் செத்தபின், அதன் செரிமான நீரே வயிற்றுச் சதையைக் கரைக்கும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். வலையில் துரத்தித் துடிக்கவிட்டால், தசையில் சேர்ந்திருந்த சர்க்கரை தீர்ந்து அமிலமாகும். மீன் விரைவில் விறைத்து, சதை தளர்ந்து பிளவுபடும். ஜப்பானியர் மூளையில் ஒரே குத்தாகக் குத்தி, இரத்தம் வடித்து, பனிக்கட்டியில் வைப்பர். மீனின் புதுமையை எண்ணால் அளக்கும் முறையையும் அவர்களே 1959இல் வகுத்தனர்.

நம் நாட்டில் 1970களில் பரவத் தொடங்கிய மிதக்கும் கூண்டு வளர்ப்பை, ஜொகூரில் பொந்தியானை அடுத்த குக்குப்பில் காணலாம். அங்கே வளரும் கொடுவாவுக்கும் இதே விதிதான். ஆனால் பட்டினி போட்ட மீன் எடை குறையும். விற்பவருக்கு அது நட்டம். நிறைந்த குடலோடு நிறுத்துக் கொடுத்தால், அந்தத் தீனிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.