பகடை விழுந்த பிறகு

பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டால் இருநூறு வருஷம் பின்னால் போய்விட்டுத்தான் பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கேட்டவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது புனேயில் வேலை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறான். நம் வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம் அது. ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் வீரன். "நான் கதவை உடைக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதும். கதவு உடைந்ததா, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று சொல்பவர் கேம் மாஸ்டர். அந்த வேலை இவனுடையது.

இரண்டு வருஷமாக ஆடிவந்த கூட்டம். போன மாதம் பகடை மோசமாக விழுந்து ஒரு நண்பனின் வீரன் செத்துப்போனான். நண்பன் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே போய்விட்டான். மற்றவர்கள், "அது நடக்கவே இல்லை என்று சொல்லிவிடு, அவன் திரும்பி வருவான்" என்கிறார்கள். "என்ன சார் செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறான்.

இந்தப் பதவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடும்.

1812-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். மலை, ஆறு, சாலை எல்லாம் தனித்தனிச் சதுரத் துண்டுகள், வேண்டியபடி அடுக்கிக்கொள்ளலாம். அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் இதை மேசையிலிருந்து வரைபடத்துக்கு மாற்றி, 1824-இல் விதிகளை நூலாக வெளியிட்டார். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர். சண்டையின் முடிவைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். இரண்டு கட்சிகளுக்கும் நடுவே ஒரு நடுவர். தளபதிகள் கட்டளையை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு மட்டும் முழுதாகத் தெரியும். உன் படைவீரன் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும்தான் உன்னிடம் சொல்வார். என்னைக் கேட்டால், கேம் மாஸ்டர் பிறந்தது அந்த நாற்காலியில்தான்.

ஐம்பது வருஷத்தில் விதிகள் பெருத்துவிட்டன. அட்டவணை புரட்டியே பொழுது போனது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, அட்டவணையை மூடி வையுங்கள், போர்க்களம் பார்த்த அனுபவசாலி தன் அறிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். ஆட்டம் வேகம் பிடித்தது. ஆனால் புதிய சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. தீர்ப்பு ஒரு மனிதர் கையில் என்றால், அந்த மனிதருக்கு யாரிடம் பயம், யார்மேல் பிரியம் என்பதும் ஆட்டத்துக்குள் வந்துவிடும் அல்லவா?

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் 1942 மே மாதம், ஜப்பானின் 'யமாட்டோ' போர்க்கப்பலில் நடந்தது. மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். தீவிலிருந்து அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போடுவதாக ஒரு கட்டம். நடுவராக இருந்த ஒகுமியா என்ற அதிகாரி பகடை போட்டார். ஒன்பது குண்டுகள் பட்டன. 'அகாகி', 'காகா' என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்றார். ஆட்டத்துக்குத் தலைமை தாங்கிய உகாகி, திட்டம் வகுத்த கூட்டுக் கடற்படைக்கே தலைமைப் பணியாளர். ஒன்பதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். அகாகிக்கு லேசான சேதம், காகா மட்டும் மூழ்கியது என்று ஆயிற்று. அடுத்த கட்ட ஆட்டத்தில் அந்தக் காகாவும் மிதந்து வந்துவிட்டது! பின்னாளில் ஒகுமியாவே ஃபுச்சிதாவோடு சேர்ந்து எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். ஜூன் 4 அன்று நிஜக் கடலில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் தீப்பிடித்தன. ஒன்றும் ஊர் திரும்பவில்லை.

உகாகி பகடையை மாற்றியதால்தான் ஜப்பான் தோற்றது என்று விடைத்தாளில் எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன். கப்பல்களை அன்று எரித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள். தீவிலிருந்து வந்த பெரிய குண்டுவீச்சு விமானங்களின் குண்டு ஒன்றுகூடக் கப்பல்மேல் படவில்லை. ஆக, ஒன்பது அதிகம் என்று உகாகி நினைத்ததில் நியாயம் இருந்தது என்றே வாதாடலாம். அப்படியென்றால் அதைப் பகடை உருட்டும் முன்பு சொல்லியிருக்க வேண்டும். விழுந்த பிறகு, தன் திட்டம் அடிபடுகிறதே என்று மாற்றியது நடுவர் வேலை இல்லை. அதைவிட, இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று அந்த அறையில் இருந்தவர்கள் யோசிக்க வேண்டிய நேரமும் அதோடு போயிற்று.

தம்பி, உனக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது. பகடையைத் தொடும்வரை நீ ராஜா. "இது உயிர்போகும் இடம், யோசித்துக்கொள்" என்று எச்சரிக்கலாம். காயம் போதும், சாவு வேண்டாம் என்று முன்கூட்டியே விதி வைக்கலாம். பகடையே வேண்டாம் என்றும் சொல்லலாம். உருண்டு நின்றபின் அதை மாற்றாதே. செத்தவனை எழுப்பினால் அடுத்த சனிக்கிழமை யாருக்கும் எதிலும் பயம் இருக்காது. போன இரண்டு வருஷத்தில் மற்றவர்கள் தப்பித்ததற்கும் மதிப்பு இருக்காது.

நண்பன் விஷயம் வேறு. அதற்கு அதே 1942-இல் லிவர்பூலில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மன் நீர்மூழ்கிகளைச் சமாளிக்கக் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி அங்கே ஒரு விளையாட்டு அறை நடத்தினார். காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்டிருந்தவர் அவர். ஆட்டத்தை நடத்தியவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். லினோலியம் விரித்த தரைதான் கடல். தளபதிகள் கித்தான் திரைக்குப் பின்னால் நின்று சிறு துளை வழியாக மட்டும் பார்ப்பார்கள். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சுண்ணாம்பில் வரைவார்கள். துளை வழியே அது கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் திரையை விட்டு வெளியே வந்து, நீர்மூழ்கி எங்கே நின்றது, தாங்கள் எங்கே விட்டோம் என்று தரையிலேயே பார்த்துப் பேசுவார்கள். ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றார்கள். தோற்றவர்களும் மறுபடி கடலுக்குப் போனார்கள். ஏன் தோற்றோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உன் நண்பனுக்கு நீ அந்தத் திரையை விலக்கிக் காட்டினாயா? நேரில் போய், டீக்கடையில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது, குகைக்குள் என்ன இருந்தது என்று சொல். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். 'பிரவுன்ஸ்டைன்' என்று கற்பனை ஊர். படை வரும்முன் ஆளுக்கொரு வேடம் கொடுத்தார்: மேயர், வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் என்று. அவர்கள் போரை மறந்துவிட்டுத் தனித்தனியாக ரகசியம் பேசிச் சதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். (நம் பத்தாம் வகுப்பில் வியன்னா மாநாடு நடத்தினோமே, மெட்டர்னிக்காக நின்றவனும் ரஷ்யாவும் மைதானத்தில் தனியாகப் பேசி முடித்துக்கொண்டார்களே, அதே கதைதான்.) ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். அதில் இந்த வேலைக்கு நடுவர் என்றுதான் பெயர். 'டன்ஜன் மாஸ்டர்' என்பது பிறகு ஒட்டிக்கொண்டது.

ஆகவே வீரன் செத்ததோடு கதை கெட்டது என்று நீ முடிவு கட்டாதே. அவனுக்கு ஒரு தம்பி இருக்கலாம், கடன் கொடுத்தவன் இருக்கலாம், அவன் வாளைத் தேடி ஒருத்தி வரலாம். யார் வருவது என்பதை உன் நண்பனே சொல்லட்டும். அவன் யோசித்து முடிக்கும்வரை மேசையில் அவன் நாற்காலியை எடுக்காமல் வை.