வளர்ச்சியை நிறுத்த தராசு

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை 35ஆம் இலக்கத்துக் கல்கத்தாப் பல்கலைக்கழக வளாகத்தை, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கித் திரும்பும் நம்மவர் பலர் அறிவர். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்று, 1904இல் பிறந்த பீரேஷ் சந்திர குஹாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இங்கிலாந்தில் டிரம்மண்ட், ஹாப்கின்ஸ் ஆகியோரிடம் வைட்டமின் ஆராய்ச்சி பயின்று வங்கம் மீண்டவர் அவர்.

வைட்டமின்களைப் பிரித்தெடுக்க இயலாத அந்நாளில் அவற்றை அளந்தது எங்ஙனம்? எலியும் தராசுமே கருவிகள். ஹாப்கின்ஸ் 1912இல் வெளியிட்ட சோதனையில், தூய்மைசெய்த புரதம், மாவு, கொழுப்பு, உப்பு மட்டும் உண்ட இளம் எலிகள் வளராது நின்றன. நாள்தோறும் இரண்டு மூன்று கன சென்டிமீட்டர் பால் பெற்றவை வளர்ந்தன. பதினெட்டாம் நாள் பாலை இடம் மாற்றினார். வளர்ச்சியும் இடம் மாறிற்று.

இம்முறையை நமது குன்னூரிலே மக்கரிசன் பெரிய அளவில் கையாண்டார். 1920களில், இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிக் கூட்டங்களுக்கு வெவ்வேறாக ஊட்டி நிறுத்தார். கோதுமை, பால், தயிர், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் சராசரி எடை 235 கிராம். வங்காளியர் உணவில் 180. ‘மதறாஸி’ உணவில் 155. நமக்கே கடைசி இடம்! தென்னாட்டார் அனைவர்க்கும் ஒரே இலை போட்டது சரியன்று என்பேன். உடல்வலிமையை இனத்தோடு இணைத்து அன்று பேசியோரும் உளர். ஆயினும் எலிகள் அனைத்தும் ஒரே வகையின. மாறியது உணவு மட்டுமே. தீட்டித் தேய்த்த அரிசியும், பாலின் குறைவுமே எடையைக் குறைத்தன. குறை குருதியில் இல்லை, உலையில் இருந்தது.

பின்னர் உடலே சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் தெரியவந்தன. ஸ்டான்லி கோஹன் 1962இல் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். அதற்கு அளவுகோல் எடையன்று, குட்டியின் கண்ணிமை! பிறந்து ஏறத்தாழ இரு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள், அப்புரதத்தைச் செலுத்தியதும் ஏழாம் நாளிலேயே திறந்தன. 1986இல் ரீட்டா லெவி-மோண்டால்சினியுடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இக்காலத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் செல்களே முதற் சோதனைக்கு உதவுகின்றன. கதிரியக்கமூட்டிய தைமிடினைச் செல்கள் எவ்வளவு உட்கொண்டன என்று அளப்பதொரு முறை. செல் பிளவுறுமுன் புதிய மரபுப்பொருளை ஆக்க அது செலவாகின்றது. விடை ஓரிரு நாளில் கிடைத்துவிடும். ஆனால் கிண்ணத்தில் செல்லைப் பெருக்கிய பொருள், ஈரலும் சிறுநீரகமும் அதனைச் சிதைத்து வெளியேற்றும் உடலினுள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கிண்ணம் சொல்லாது. அதற்கு மீண்டும் சுண்டெலியிடமே செல்கின்றனர்.