தராசு யார் கையில்?

வரி விதிப்போர் கையிலேயே வழக்கைத் தீர்க்கும் தராசும் இருந்தால் நீதி நிலைக்குமா? 1941இல் ஆறே உறுப்பினருடன் பிறந்தது வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். சட்டம் கற்றவர் ஒருவர், கணக்கு கற்றவர் ஒருவர் என இருவர் அமர்ந்து தீர்ப்பளித்தனர். நிதித்துறையின் நிழலிலே இருந்த அது, 1942இல் சட்டத்துறையிடம் சென்றது. வரி தண்டுவோர் பிடி தளர்ந்தது. அரசின் பிடியோ?

ஐம்பது வயதுக்குட்பட்டோர் தீர்ப்பாயங்களில் அமர இயலாது, பதவியும் நான்கே ஆண்டு என்று 2021இல் டில்லி ஆணையிட்டது. சென்னை வழக்கறிஞர் சங்கம் வழக்காடிற்று. சூலையில் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை வீழ்த்திற்று. அடுத்த திங்களே அவை சட்டமாக மீண்டும் எழுந்தன. 2025இல் மீண்டும் வீழ்ந்தன.

ஆளெடுப்பில் நெகிழ்வு வேண்டுமென்பர். வேண்டும், தகுதியுள்ள இளைஞருக்குக் கதவு திறக்க! மறுநியமனத்துக்குக் கைகட்டி நிற்பவர், நியமித்த அரசுக்கெதிராகத் தீர்ப்பெழுதத் துணிவரோ?