பாலியின் அரைப்புள்ளி: ரெட் பிளஸ் வாசகத்தில் ஒரு பாடபேதம்

2007 டிசம்பரில் பாலித் தீவில் நடந்த காலநிலை மாநாட்டில் இந்தியா வென்றது. காடழிப்பைக் குறைக்கும் நாடுகளுக்கு மட்டும் என்றிருந்த ஊக்கத்தொகை அன்றுமுதல் காட்டைக் காத்துவந்த நாடுகளுக்கும் உரியதாயிற்று. இப்படி எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதை விரிவாக எழுதியவர் எனக்கு மூத்தவர், உழைப்பாளி. உரையாசிரியர்கள் மறுக்க வேண்டிய கருத்தைப் பெயர் சொல்லாமல் ‘என்பாரும் உளர்’ என்று குறிப்பார்கள். நானும் அவரை ‘முன்னவர்’ என்றே குறிக்கிறேன். என் வழக்கு அவரோடு அல்ல, அவர் பாலி வாசகத்தைப் படித்த விதத்தோடு.

பின்னணி வாசகர்கள் அறிந்ததே. கியோட்டோ நெறிமுறையின் தூய்மை வளர்ச்சிப் பொறிமுறையில் வளரும் நாடுகளின் காடுகளுக்குக் கிடைத்த இடம் சிறியது. 2001-ல் மராகேஷில் புதுக்காடு வளர்ப்பையும் மறுகாடு வளர்ப்பையும் மட்டும் ஏற்றார்கள். இருக்கும் காட்டை அழிக்காமல் விடுவதற்கு அங்கே கணக்கே இல்லை. 2003-ல் மிலானில் பிரேசில் ஆய்வாளர்கள் ‘ஈடுசெய்யப்படும் குறைப்பு’ என்ற யோசனையை வைத்தார்கள். 2005-ல் மாண்ட்ரியலில் பாப்புவா நியூ கினியும் கோஸ்டா ரிகாவும் அதை மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றின. அந்த யோசனைக்கு வழங்கிய ‘ரெட்’ என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரில் அப்போது ஒற்றை ‘டி’தான், அதாவது காடழிப்பு மட்டும். காடு தரங்குன்றுவதைக் குறிக்கும் இரண்டாவது ‘டி’ சேர்ந்ததற்குக் காங்கோ வடிநில நாடுகளின் வற்புறுத்தல் முக்கியக் காரணம்.

இந்தியாவின் குறை நியாயமானது. 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது கடினமாகிவிட்டது. நேற்றுவரை வெட்டியவன் இன்று நிறுத்தினால் பணம், முன்பே நிறுத்தியவனுக்கு ஒன்றுமில்லை என்பது என்ன கணக்கு? இந்தியா முன்வைத்த மாற்றின் பெயர் ‘ஈடுசெய்யப்படும் பாதுகாப்பு’. பிரேசில் யோசனையின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்த பெயர் இது என்பது பார்த்ததுமே தெரியும். காக்கப்பட்ட ஒரு கரிம அலகும் கூட்டப்பட்ட ஒரு கரிம அலகும் சமம் என்பது அதன் சாரம். இதுவரை முன்னவரோடு எனக்குப் பிணக்கில்லை.

பிணக்கு அந்த மாநாடு ஏற்ற பாலி செயல்திட்டத்தின் முதல் பத்தியில், (பி) பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் தொடங்குகிறது. அந்த உட்பிரிவு இரண்டு துண்டுகளால் ஆனது. முதல் துண்டு, வளரும் நாடுகளில் காடழிப்பாலும் காடு தரங்குன்றுவதாலும் வரும் உமிழ்வைக் குறைப்பது தொடர்பான கொள்கை அணுகுமுறைகளையும் ஊக்கங்களையும் பேசுகிறது. இரண்டாம் துண்டு, பாதுகாப்பு, நீடித்த காடு மேலாண்மை, கரிம இருப்பைப் பெருக்குதல் ஆகியவற்றின் பங்கைப் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. முன்னவர் தம் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் காற்புள்ளி இட்டிருக்கிறார். அச்சுப்பிழை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவருடைய வாதம் முழுவதும் அந்தக் காற்புள்ளியின் மேல்தான் நிற்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஊக்கம்’ என்ற சொல் வாக்கியத்தின் தலையில் வருகிறது. அதன் ஆட்சி எதுவரை செல்கிறது என்பதை நிறுத்தக்குறிதான் சொல்ல வேண்டும். காற்புள்ளி இருந்தால் ஊக்கம் ஐந்து செயல்களுக்கும் போகும். அரைப்புள்ளி இருந்தால் முதல் இரண்டோடு நின்றுவிடும். மிச்சம் மூன்றுக்கும் ‘பங்கு’ மட்டும், பணம் இல்லை. தமிழில் இந்த மங்கல் கிடையாது. நமக்குத் தலைச்சொல் கடைசியில் வருகிறது, எண்ணும்மை எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. ‘குறைப்பதற்கான ஊக்கமும் காப்பதன் பங்கும்’ என்று எழுதினால் ஒரு பொருள். ‘குறைப்பதற்கும் காப்பதற்கும் ஆன ஊக்கம்’ என்று எழுதினால் வேறு பொருள். ஆகவே பாலி வாசகத்தைத் தமிழாக்குபவர் நடுநிலையில் நிற்க முடியாது. உம்மை போடும் இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார். முன்னவர் இரண்டாவது தீர்ப்பைச் சொன்னார். மூலம் சொல்வது முதலாவதை.

‘பங்கு’ என்ற சொல்லும் சேர்ந்து வாசகரை ஏமாற்றுகிறது. மூலத்தில் அது ஆற்றும் பங்கு. தமிழில் கிடைக்கும் பங்கும் பங்குதான். ‘காட்டைக் காப்பதன் பங்கு’ என்று படிப்பவர் பாகப் பிரிவினையில் தமக்கு வந்த பாகத்தை நினைத்துக்கொள்வார். முன்னவரின் கட்டுரையில் இரண்டு பொருளும் மாறிமாறி வருகின்றன. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்கு ஒரு புள்ளியா என்று கேட்கலாம். ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. எங்கே சொல் பிரிகிறது, எங்கே தொடர் முடிகிறது என்பதில்தான் உரைகள் வேறுபட்டன. அந்த மரபில் வந்தவர்கள் புள்ளியை அற்பம் என்று தள்ளலாகாது. அதைவிட, பேச்சுவார்த்தையில் இருந்த நாடுகளே இதை அற்பமாகக் கருதவில்லை. 2008 டிசம்பரில் போஸ்னானில் அறிவியல், தொழில்நுட்ப ஆலோசனைத் துணை அமைப்பு கூடியபோது அதன் முடிவுரையில் அரைப்புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வந்தது. பாலியிலேயே எல்லாம் கிடைத்துவிட்டது என்றால், ஓராண்டு கழித்து இதற்காக ஏன் போராட வேண்டும்? முன்னவருக்கு எதிரான என் முதன்மைச் சான்று இந்தத் திருத்தமே.

அதன்பின் வந்த பாடங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 2009-ல் கோபன்ஹேகனில் எடுத்த நான்காம் எண் முடிவின் தலைப்பில் இரண்டு குறிகளும் இல்லை. வெறும் ‘மற்றும்’ என்பதே இரு துண்டுகளையும் இணைக்கிறது. ‘தொடர்பான பிரச்சினைகள்’ என்றிருந்தது ‘தொடர்பான செயல்பாடுகள்’ என்று மாறியது. இரண்டு பக்கமும் ஒரே தட்டுக்கு வந்துவிட்டன என்று இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் 2010-ல் கான்கூனில் அரைப்புள்ளி திரும்பி வருகிறது. அந்த மாநாட்டு முடிவின் மூன்றாம் அதிகாரத்தில் காடு பற்றிய பகுதியின் தலைப்பு, பாலி வாசகத்தை அரைப்புள்ளியோடு அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. அதே பகுதியின் 70-ம் பத்தியோ ஐந்து செயல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏற்றத்தாழ்வின்றி அடுக்குகிறது. தலைப்பு ஒன்று சொல்கிறது, உடல் வேறொன்று சொல்கிறது.

என் வாதம் மெலிந்திருக்கும் இடம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாலி நிகழ்ச்சி நிரலின் பெயரை எழுத்தர் அப்படியே படியெடுத்தார், அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். அது பொருத்தமான விளக்கமே. ஆனால் அதே விளக்கம் பாலிக்கும் பொருந்தும் என்று முன்னவர் தரப்பினர் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பாலி பத்தியில் (பி) பிரிவுக்கு ஏழு உட்பிரிவுகள் உண்டு. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதும் அரைப்புள்ளிதான். அதாவது அந்தப் பத்தியில் அரைப்புள்ளிக்கு ஒரே வேலை: இது வேறு, அது வேறு என்று காட்டுவது. அதே குறி மூன்றாம் உட்பிரிவின் வயிற்றுக்குள் வந்தால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும்.

இந்த வரிசையில் கடைசிப் பாடம் 2015-ன் பாரிஸ் ஒப்பந்தம், 5-ம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. அங்கே ‘பங்கு’ என்பதற்கு முன்னால் தெளிவாகக் காற்புள்ளி. அரைப்புள்ளி தொலைந்துபோகவில்லை, ஓர் இடம் தள்ளி நிற்கிறது. அதற்கு அப்பால் இருப்பது ‘மாற்றுக் கொள்கை அணுகுமுறைகள்’, அதாவது காட்டைச் சந்தைச் சரக்காக்க மறுத்த பொலிவியா கொண்டுவந்த கருத்து. 2007-ல் வேலிக்கு வெளியே நின்றது பாதுகாப்பு. 2015-ல் அது உள்ளே வந்தது, பொலிவியா வெளியே நிற்கிறது. துணை அமைப்பின் முடிவுரைக்கும் மாநாட்டு முடிவுக்கும் ஒரே எடை இல்லை, மாநாட்டு முடிவுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஒரே எடை இல்லை. எடையை வைத்துப் பார்த்தால் காற்புள்ளி உறுதியாகக் குடியேறியது பாரிஸில். முன்னவர் சொல்லும் ஆண்டுக்கு எட்டு ஆண்டுகள் பின்னால்.

அப்படியானால் மிச்ச மூன்று செயல்களையும் குறிக்கும் ‘பிளஸ்’ பிறந்த ஆண்டு எது? 2008 என்பேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ‘ரெட் பிளஸ்’ என்ற பெயர் 2009-ன் கோபன்ஹேகன் இணக்கத்தில் இருக்கிறது. அந்த இணக்கத்தை மாநாடு ஏற்கவில்லை, ‘கவனத்தில் கொண்டது’. 2013-ல் வார்சாவில்தான் அந்தப் பெயரிலேயே ஒரு சட்டகம் அமைந்தது. பெயருக்கு ஓர் ஆண்டு, சமநிலைக்கு ஓர் ஆண்டு, சட்ட வலுவுக்கு ஓர் ஆண்டு. மூன்றையும் பாலியில் கொண்டுபோய்க் குவிப்பது வசதி, வரலாறு அல்ல.

வெற்றி யாருடையது என்பதிலும் முன்னவர் தாராளமாக இருக்கிறார். காற்புள்ளியை எந்த நாடு கேட்டது என்று போஸ்னான் முடிவுரை சொல்லாது. அத்தகைய ஆவணங்களில் நாடுகளின் பெயர் இடுவதில்லை. காடு பெருகிவந்த சீனாவுக்கும், காடு நிறைந்தும் அழிப்பு குறைவாக இருந்த நாடுகளுக்கும் இதில் நலன் இருந்தது. இந்தியா குரல் கொடுத்த பலரில் ஒன்று. உரத்த குரல் என்பதை மறுக்கவில்லை.

கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வென்றதாகச் சொல்லும் சொற்கள் இங்கே தரையில் எதைத் தொடுகின்றன என்று பார்ப்பது எளிது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வி இல்லை. ஆக, கோவளம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு காடு. சில ஆண்டுகளில் சாரக்கட்டைக்கு வெட்டிவிடுவார்கள், ஆனாலும் வெட்டும்வரை காடு. மாம்பாக்கம், புதுப்பாக்கம் பக்கம் களாவும் காரையும் சூரையும் மண்டிய மேய்க்கால் புறம்போக்கு காடல்ல. கவிகை 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காப்புக்காட்டு நிலமே ஆனாலும் ‘புதர்’ என்ற தனிப்பட்டியில் விழும். கேளம்பாக்கம் உப்பளமும் கழியும் எந்தக் காட்டுப் பட்டியிலும் இல்லை. ‘கரிம இருப்பைப் பெருக்குதல்’ என்பது இந்த ஊரில் பெரும்பாலும் சவுக்கு நடுவதாகத்தான் முடியும். கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் குறுங்காட்டைப் ‘பாதுகாத்தல்’ அந்தக் கணக்கில் மெலிதாகவே தெரியும்.

வென்ற சொற்களை இந்தியா என்ன செய்தது? 2010-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சிறு நூல், முப்பதாண்டுகளில் 100 கோடி டன்னுக்கு மேல் கூடுதல் கரியமில வாயுவைப் பிடிக்கலாம், 300 கோடி டாலருக்கு மேல் ஊக்கத்தொகை பெறலாம் என்று கணித்தது. 2018-ல் இந்தியா, விளைவை ஒப்பிட்டு அளப்பதற்கான தன் அடிப்படை அளவை ஐ.நா.விடம் தாக்கல் செய்தது. 2000 முதல் 2008 வரையிலான காலத்தை வைத்து, நாட்டின் காடுகள் ஆண்டுக்குச் சுமார் 4.97 கோடி டன் கரியமில வாயுவை உள்வாங்குவதாகக் கணக்கு. 70-ம் பத்தியின் ஐந்து செயல்களில் அதில் எடுத்துக்கொண்டது ஒன்றே, நீடித்த காடு மேலாண்மை. ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பு இல்லை. ‘பெருக்குதல்’ என்ற தலைப்பும் இல்லை. எந்தச் சொற்களுக்காகப் பாலியில் வென்றோம் என்று முன்னவர் எழுதுகிறாரோ, அந்தச் சொற்கள். சவுக்கையும் குறுங்காட்டையும் பிரித்துக் காட்டாத தரவை வைத்துக்கொண்டு அந்த இரண்டு தலைப்புகளில் கணக்குக் காட்டுவது கடினம் என்பதால் நடந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

பசுமைக் காலநிலை நிதியம் 50 கோடி டாலர் ஒதுக்கி முன்னோடித் திட்டமாக விளைவுக்கேற்ற பணம் வழங்கியபோது பெற்ற நாடுகள் எட்டு. பிரேசில் தொடங்கி ஏழு லத்தீன் அமெரிக்க நாடுகள், எட்டாவது இந்தோனேசியா. வெட்டிக்கொண்டிருந்து குறைத்தவர்களுக்கே பணம் போகிறது என்று 2007-ல் இந்தியா சொன்ன குறைக்கு இந்தப் பட்டியல் நல்ல சான்று.

கேளம்பாக்கத்திலிருந்து செல்லும் எங்கள் சாலையின் மறுமுனை வண்டலூர். 2022 செப்டம்பர் 24 அன்று அங்கே பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. அங்கேயும் எண்ணப்படுவது கவிகை.

பாலி வாசகத்தைத் தமிழில் மேற்கோள் காட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள். 2007-ன் பாடத்தைத் தரும்போது அதன் அரைப்புள்ளியைத் திருத்தாமல் தாருங்கள். காற்புள்ளி வேண்டுமானால் பாரிஸ் ஒப்பந்தத்தை மேற்கோள் காட்டுங்கள்.