சலரோகமும் கால் விறைப்பும்: விற்றமின் குளிசை யாருக்கு உதவும்?

இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடிநின்றால் நரம்புகள் பழுதடையும். சலரோகக்காரரின் பாதங்களில் வரும் எரிவுக்கும் விறைப்புக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இதற்கு ‘நரம்புச் சத்து’ என்று விற்றமின் பீ குளிசைகளைத் தாங்களாகவே வாங்கிப் பாவிப்பவர்களை வன்னியில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். கூலிவேலையில் வாழும் குடும்பத்துக்கு அது சிறிய செலவல்ல.

இக்குளிசை தெளிவாக உதவுவது பீ12 குறைபாடு உள்ளவர்களுக்கே. சலரோகத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெற்போமின், உணவிலுள்ள பீ12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. அதைப் பல வருடங்களாகக் கூடிய அளவில் எடுப்பவர்களும், மீன், இறைச்சி, முட்டை சேர்க்காதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பீ12 குறைந்தாலும் இதே விறைப்புத்தான் வரும். கவனிக்காமல் விட்டால் பாதிப்பு நிரந்தரமாகலாம். மெற்போமின் எடுப்பவரிடம் இவ்வறிகுறிகள் தெரிந்தால் பீ12 அளவைப் பரிசோதிக்குமாறு பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2022 இல் அறிவுறுத்தியது. குறைபாடு உறுதியானால் ஊசியாலோ குளிசையாலோ அதை ஈடுசெய்யலாம். ஆனால் மெற்போமினை நீங்களாக நிறுத்தக்கூடாது.

பீ12 போதியளவு உள்ளவருக்கு விற்றமின் குளிசைகள் நரம்பைச் சீராக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கூட்டுக் குளிசைகள் பலவற்றில் உள்ள பீ6, அளவு கூடி நெடுநாள் எடுத்தால் தானே நரம்பைப் பழுதாக்கும். ஆகவே, பெட்டியில் அதன் அளவைப் பாருங்கள். இரண்டு வகைகளைச் சேர்த்து எடுக்காதீர்கள்.

எங்கள் மக்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. விறைப்பு வந்ததும், அது பழைய செல் காயத்தால் வந்தது என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். காயத்தால் வரும் விறைப்பு பொதுவாகக் காயப்பட்ட பக்கத்தில் மட்டும் இருக்கும். சலரோக விறைப்பு இரண்டு பாதங்களிலும் விரல்நுனியில் தொடங்கி மேலேறும். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பாதம் இல்லை. அவர் கட்டாயம் கிளினிக்கில் பாத உணர்வைப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும். செயற்கைக் கால் உரசி வரும் புண்ணும் வலிக்காமலே பெருகலாம்.

இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பார்வை குறைந்தவருக்கு வீட்டார் பார்க்கட்டும். வளவுக்குள்ளும் செருப்போடு நடவுங்கள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். அடுத்த கிளினிக்கில், மெற்போமின் எடுக்கத் தொடங்கி எத்தனை வருடம், விறைப்பு எப்போது தொடங்கியது என்ற இரண்டையும் வைத்தியரிடம் சொல்லி, பீ12 பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குளிசை வாங்குவதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.